ஜன்னலோரத்தில் எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

நெடுந்தூர விமானங்களில் வெளிக்காட்சியை நன்றாகப் பார்க்க எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் பெற்றோர்கள்தான் அவற்றில் பெரும்பான்மையை எழுதியிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டிய பயணத்தில் கண்ணுக்கு எதிரே உள்ள சிறு திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லாதவர்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது. ஆகையால் இந்த இதழின் பக்கங்களை அக்கேள்விகளுக்கே ஒதுக்குகிறேன்.

விமானத்திலிருந்து இயற்கைக் காட்சிகளைப் பார்க்க மிகச் சிறந்த இருக்கை எது? ஒரே எண்ணாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.
– வாசகர், திருச்சி

எல்லா விமானங்களுக்கும் எல்லா வழித்தடங்களுக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் எண்ணைத் தேடுவதற்கு ஒரு வரிசை முறை உண்டு. முதலில் விமானம் எந்தத் திசையில் பறக்கப் போகிறது, நீங்கள் காண விரும்பும் மலையோ தீவோ கடற்கரையோ அந்தப் பாதைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும் என்று பார்க்க வேண்டும். இறக்கை எந்த வரிசைகளை மறைக்கிறது என்பது கடைசியில் வருவது. பெரும்பாலானோர் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிட்டு, இறக்கை மறைக்காத அருமையான இருக்கையிலிருந்து பத்து மணி நேரம் வெறும் கடலையோ கண் கூசும் வெயிலையோ பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

விமானத்தின் மூக்கை நோக்கி உட்கார்ந்தால் ‘ஏ’ என்ற எழுத்துள்ள இருக்கை எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம். வலப்பக்க ஜன்னலின் எழுத்து விமானத்துக்கு விமானம் மாறும். நடுவில் ஒரே நடைவழி உள்ள ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றில் அது பொதுவாக ‘எஃப்’. இரண்டு நடைவழி உள்ள பெரிய விமானங்களில் பெரும்பாலும் ‘கே’, சிலவற்றில் ‘ஜே’ அல்லது ‘எல்’.

சூரியனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் போன்ற வட அட்சரேகைப் பகுதிகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். எனவே பகலில் மேற்கு நோக்கிப் பறந்தால் வலப்பக்கமும், கிழக்கு நோக்கிப் பறந்தால் இடப்பக்கமும் நிழலில் இருக்கும். நிழல் பக்கத்து ஜன்னலில் கண்ணாடிக் கீறல்கள் மின்னுவதில்லை. வானம் ஆழ்ந்த நீலமாகவும் நிலம் அதனதன் நிறத்திலும் தெரியும். வெயில் பக்கத்து ஜன்னலிலோ மெல்லிய புகைமூட்டம்கூட வெள்ளைத் திரை போல ஒளிர்ந்து தரையை மறைத்துவிடும். நம் ஊருக்கு மட்டும் இந்த விதி முழுமையாகப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகுதூரம் போய்விட்டால் விதி தலைகீழாகும். அங்கே நண்பகல் சூரியன் வடக்கே.

சில வழித்தடங்களில் இந்த இரண்டு கணக்குகளும் முரண்படும். வளைகுடா நாடுகளிலிருந்து லண்டன் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் ஆஸ்திரியா, ஜெர்மனி வழியாகப் போகும்போது ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெற்கே, அதாவது இடப்பக்கம் இருக்கும். சூரியனும் அதே பக்கம்தான். அப்போது நான் தயங்காமல் மலை இருக்கும் பக்கத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கூசும் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் ஆல்ப்ஸ் ஆல்ப்ஸ்தான். வலப்பக்கத்தில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அது இல்லை.

இனி இறக்கை. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே மிகச் சிறந்தவை; கீழேயும் முன்னேயும் தடையில்லாமல் தெரியும். ஆனால் பெரிய விமானங்களில் அந்தப் பகுதியை உயர்வகுப்புகள் எடுத்துக்கொள்வதால் எகானமி வகுப்பில் அங்கே கிடைப்பது சில வரிசைகள்தாம், அவையும் கூடுதல் கட்டணத்தில். பின்பகுதியில் உட்கார்ந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், இறக்கை உடலோடு சேரும் இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அடுத்த வரிசையில் உட்கார்ந்தால் இறக்கையின் நுனி சரியாக உங்கள் ஜன்னலுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு என்ஜினிலிருந்து வரும் வெப்பக் காற்று தரையை நெளிநெளியாகக் காட்டும். ஆகவே இறக்கையின் பின்விளிம்பிலிருந்து மேலும் பல வரிசைகள் தள்ளிப் போக வேண்டும். போயிங் 777 விமானங்கள் பலவற்றில் கடைசிச் சில வரிசைகளில் உடல் குறுகுவதால் ஜன்னலோரம் மூன்றுக்குப் பதில் இரண்டு இருக்கைகளே இருக்கும். சுவருக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு சிறு பையை வைக்க இடமும் இருக்கும். கழிவறையின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அவை நல்ல இருக்கைகள்.

ஜூலையில் மகளைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோ போகிறோம். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் ஃபிராங்க்பர்ட், அங்கிருந்து மதியம் புறப்படும் விமானம். வழியில் கிரீன்லாந்து தெரியும் என்று மருமகன் சொல்கிறார். தெரியுமா? எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, சென்னை–ஃபிராங்க்பர்ட் இரவுப் பயணத்தில் எந்த இருக்கை கிடைத்தாலும் ஏற்றுக்கொண்டு நன்றாகத் தூங்குங்கள். அடுத்த விமானத்துக்கு வலப்பக்க ஜன்னலோரத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பயணிகள் விமானத்தில் சாதாரணக் கட்டணத்தில் காணக்கூடிய காட்சிகளில் இதற்கு இணையானவை மிகச் சிலவே என்பது என் உறுதியான எண்ணம்.

உலக வரைபடத்தில் ஃபிராங்க்பர்ட்டிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு ஒரு கோடு போட்டால் அது அட்லாண்டிக் நடுவில் போவது போலத் தோன்றும். உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி வடக்கே வளைந்து போகிறது. அந்த வழி ஐஸ்லாந்தின் தென்கரையை ஒட்டிச் சென்று, கிரீன்லாந்தை ஏறக்குறைய 67 பாகை வட அட்சரேகையில், அதாவது ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கடந்து, கனடாவின் பாஃபின் தீவு, ஹட்சன் விரிகுடாவின் வடமேற்கு, ஆயிரக்கணக்கான ஏரிகள் சிதறிக்கிடக்கும் சமவெளி ஆகியவற்றின் மேலாக அமெரிக்காவின் வடமேற்கில் இறங்குகிறது. காற்றைப் பொறுத்து விமானிகள் அன்றாடம் பாதையை மாற்றுவார்கள். சில நாள்களில் சில நூறு கிலோமீட்டர் தெற்கே போகவும் கூடும். விமானங்களின் பாதையை வரைபடத்தில் காட்டும் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒரு வாரம் அது எந்த வழியாகச் சென்றது என்று மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலப்பக்கம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் சூரியன். மதியம் 1 மணிக்குப் புறப்பட்டு 11 மணி நேரம் பறந்தால், சான் பிரான்சிஸ்கோ நேரம் ஃபிராங்க்பர்ட்டைவிட 9 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே போய்ச் சேரும்போது பிற்பகல் 3 மணிதான் ஆகியிருக்கும். அதாவது பயணம் முழுவதும் உங்களுக்கு நடுப்பகல். பூமியின் மேற்பரப்பு நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. 60 பாகை அட்சரேகையில் அந்த வேகம் அதில் பாதிதான், சுமார் 835 கிலோமீட்டர். உங்கள் விமானமோ மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் மேற்கே போகிறது. ஆகவே வடக்கே பறக்கும் மணிநேரங்களில் சூரியன் வானத்தில் ஏறக்குறைய அசையாமல் தெற்கே நிற்கும். இடப்பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பனிப்பரப்பின் பிரதிபலிப்பும் சேர்ந்து கண்ணைத் திறக்க முடியாமல் திரையை இறக்கிவிடுவார்கள். வலப்பக்கத்தில் உங்களுக்குப் பயணத்தின் பெரும்பகுதியில் அந்தத் தொல்லை இராது.

புறப்பட்டு ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஐஸ்லாந்து வரும். மேகம் விலகியிருந்தால் வத்னயோகுல் என்ற பெரும் பனிமூடியின் வெண்மை வலப்பக்கத் தொலைவில் தெரியும். அதற்கு ஒரு மணி நேரம் கழித்து கிரீன்லாந்தின் கிழக்குக் கரை. விமானத்தின் உள்ளே அப்போது விளக்கை அணைத்து எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் திரை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, கரை நெருங்குவதற்குக் கால் மணி முன்பாகவே ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கருநீலக் கடலில் உடைந்து மிதக்கும் கடற்பனி தெரியும்; ஒழுங்கற்ற வெள்ளைத் தகடுகள், இடையிடையே தனித்து நிற்கும் பனிப்பாறைகள். பிறகு கடலிலிருந்து நேராக எழும் கரிய, கூரிய மலைகள். அவற்றின் இடுக்குகளில் பனியாறுகள் இறங்கி வருவதையும், இரண்டு பனியாறுகள் சேரும் இடத்திலிருந்து கரிய கற்பொடிக் கோடு ஒன்று நடுவில் ஓடிவருவதையும், கடலைத் தொடும் முகப்பில் பனி வெடித்து உடைந்திருப்பதையும் பார்க்கலாம். மெல்ல மெல்ல மலைகள் பனியில் புதைந்து, உச்சிகள் மட்டும் தீவுகளாகத் தலைநீட்டி, பிறகு அவையும் மறைந்து, வெண்மை மட்டும் மிஞ்சும். அந்தப் பனிக்கவிகை கிரீன்லாந்தின் பரப்பில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மூடியிருக்கிறது. ஆழமான இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டருக்கும் மேல்.

நடுப்பகுதியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அங்கே ஜன்னலை மூடிவிடாதீர்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மேற்கு விளிம்பு வந்துவிடும், ஜூலையில் செல்பவர்களுக்குச் சிறப்பே அங்கேதான். உருகிய நீர் பனியின் மேலேயே தேங்கி, கண்ணை நம்ப முடியாத நீலத்தில் சிறுசிறு குளங்களாக நிற்கும். அவற்றை இணைக்கும் நீலக் கால்வாய்கள் வெள்ளைத் தாளில் பேனாவால் கிறுக்கியது போல நெளிந்து ஓடும். குளிர்காலத்தில் பறப்பவர்களுக்கு இது கிடையாது.

கடைசி ஒரு மணி நேரத்தில் கலிஃபோர்னியாவின் வடக்கே, 4,322 மீட்டர் உயரமுள்ள சாஸ்தா எரிமலை தனித்த வெண்முடியோடு வலப்பக்கம் தெரியக்கூடும். தரையிறங்கும் முன் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில் உப்பளங்கள் செம்மையும் காவியுமாகக் காட்சி தரும். உப்பின் செறிவுக்கேற்ப வாழும் நுண்ணுயிர்களே அந்த நிறங்களுக்குக் காரணம்.

ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு இரவு விமானம். வடதுருவ ஒளியைப் பார்க்க வாய்ப்பு உண்டா?
– வாசகர், நியூ ஜெர்சி

உண்டு, ஆனால் உறுதி கிடையாது. கிழக்கே பறக்கும்போது வடக்கு உங்கள் இடப்பக்கம் இருக்கும் என்பதால் ‘ஏ’ இருக்கையைக் கேளுங்கள். வடதுருவ ஒளி தோன்றும் வளையம் பூமியின் காந்தத் துருவத்தை மையமாகக் கொண்டது. அந்தத் துருவம் வட அமெரிக்காவின் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அட்லாண்டிக்கின் மேற்குப் பாதியில், கனடாவின் கிழக்குக் கரையைத் தாண்டிய பகுதியில், வாய்ப்பு அதிகம். அதாவது புறப்பட்ட முதல் சில மணி நேரங்கள். சாப்பாடு பரிமாறி முடிக்கும் நேரமும் அதுவாகவே இருப்பதால் பலர் தவறவிட்டுவிடுகிறார்கள். சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளிலும் வலுவான சூரியப் புயல்கள் வருவது வழக்கம்.

உள்ளே ஒரு சிறு விளக்கு எரிந்தாலும் ஜன்னலில் உங்கள் முகம்தான் தெரியும். போர்வையைத் தலைக்கு மேலே போட்டு ஜன்னலோடு சேர்த்து மூடிக்கொண்டு, கைப்பேசியை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகக் கால் மணி நேரமாவது கொடுங்கள். வெறுங்கண்ணுக்கு அது பெரும்பாலும் சாம்பல் வெண்மையான மேகப் பட்டை போலத்தான் முதலில் தோன்றும். மேகமா ஒளியா என்ற ஐயம் வந்தால் கைப்பேசியின் இரவுக் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், ஒளியாக இருந்தால் பச்சை நிறம் பதிவாகும். கோடையில் செல்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஜூன், ஜூலையில் அந்த அட்சரேகைகளில் நள்ளிரவிலும் வட அடிவானத்தில் வெளிச்சம் தங்கியிருக்கும். அதுவும் ஒரு காட்சிதான், அதற்கும் இடப்பக்கமே.

சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் காலை விமானத்தில் போகிறேன். எட்டு மணி நேரமும் கடல்தானா?
– வாசகி, சிங்கப்பூர்

இல்லை. கடல் பாதிப் பயணம்கூட இல்லை. பாதை ஜாவாக் கடலைக் கடந்து பாலி, லொம்போக் தீவுகளின் பக்கமாகச் சென்று, ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் நுழைந்து, அக்கண்டத்தை மூலைவாட்டாக வெட்டிக்கொண்டு போகிறது. லொம்போக்கில் உள்ள ரிஞ்சனி எரிமலை 3,726 மீட்டர் உயரமுள்ளது. கீழே மேகம் கவிந்திருந்தாலும் அதன் உச்சி மேலே நிற்கும். அன்றைய பாதையைப் பொறுத்து அது எந்தப் பக்கமும் வரலாம்.

ஆஸ்திரேலியப் பகுதிக்கு வலப்பக்கம் நல்லது. விமானம் தென்கிழக்கே போகிறது; தென் அரைக்கோளத்தில் காலைச் சூரியன் கிழக்கிலும் வடகிழக்கிலும், அதாவது உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும். சிம்ப்சன் பாலைவனத்தில் செம்மணல் மேடுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவதை நிழல் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அந்தச் செம்மை முழுமையாகத் தெரியும். அதற்குத் தெற்கே கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் தாழ்வாக உள்ள கட்டி தண்டா ஏரி, அதாவது ஏர் ஏரி, பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் படுகை. வடக்கே குயின்ஸ்லாந்தில் பெருமழை பெய்து வெள்ளம் ஆறுகளின் வழியே வந்து சேரும் ஆண்டுகளில் மட்டும் அது நிரம்பும். 2025-இல் அப்படி நிரம்பியது. பாதை தெற்கே விலகும் நாளில் அந்த வெண்பரப்பை வலப்பக்கத்தில் காணலாம்.

நெடுந்தூர விமானங்கள் இமயமலைக்கு மேலே பறப்பதில்லை என்று படித்தேன். விமானம் எவரெஸ்டைவிட உயரத்தில்தானே பறக்கிறது? பிறகு ஏன்?
– கல்லூரி மாணவர், மதுரை

எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர்; விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. உயரம் போதும். ஆனால் விமானத்தினுள் காற்றழுத்தம் திடீரெனக் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும், ஏனெனில் பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்சிஜன் பெரும்பாலான விமானங்களில் பதினைந்து நிமிட அளவுக்குத்தான் இருக்கும். இமயமலைக்கு வடக்கே திபெத் பீடபூமியின் தரையே சராசரியாக 4.5 கிலோமீட்டர் உயரத்தில், பெரும் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இறங்குவதற்கு அங்கே இடமில்லை. தனிப்பட்ட தப்பிக்கும் வழிகளும் கூடுதல் ஆக்சிஜனும் ஏற்பாடு செய்த விமானங்கள் மட்டுமே அதைக் கடக்கின்றன.

ஆனால் இமயமலையைப் பார்க்க அதன் மேலே பறக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் பறப்பதே மேல். 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, உயர்ந்த சிகரங்கள் அதற்கும் அப்பாலிருந்தே தெரியும். டெல்லியிலிருந்து பாங்காக், ஹாங்காங் போன்ற கிழக்கு நகரங்களுக்குப் பகலில் செல்லும் விமானங்களில் இடப்பக்கம் உட்காருங்கள், திரும்பும்போது வலப்பக்கம். டெல்லி–காத்மாண்டு விமானத்திலும் இடப்பக்கம்தான். அதில் தௌலகிரி, அன்னபூர்ணா, மனஸ்லு ஆகியவை தெரியும். எவரெஸ்ட் காத்மாண்டுவுக்குக் கிழக்கே இருப்பதால் அதில் அருகில் வராது. டெல்லியிலிருந்து பாக்டோக்ரா அல்லது குவாஹாட்டி செல்பவர்களுக்கு எவரெஸ்டும் 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவும் இடப்பக்கத்தில் கிடைக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கங்கைச் சமவெளியின் புழுதி மூட்டம் மலையடிவாரத்தை மறைத்து, சிகரங்களை மட்டும் அந்தரத்தில் நிறுத்தி வைக்கும்.

கூடுதல் பணம் கட்டி ஜன்னலோர இருக்கை வாங்கினேன். உட்கார்ந்து பார்த்தால் பக்கத்தில் வெறும் சுவர். இது நியாயமா? மறுமுறை எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், ஈரோடு

நியாயமில்லை. ஜன்னலோரம் என்று பணம் வாங்குகிறவர்கள் அங்கே ஜன்னல் இல்லை என்பதை விற்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் இரண்டு பெரிய விமான நிறுவனங்களின் மீது பயணிகள் இதே காரணத்துக்காக வழக்குத் தொடுத்தார்கள்.

காரணம் எளியது. குளிரூட்டிய காற்றைக் கூரைக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் சுவருக்குள் ஏறும் இடங்களில் ஜன்னல் வைக்க முடியாது. போயிங் 737 விமானங்களில் இறக்கைக்குச் சற்று முன்னால் இடப்பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருப்பது பலருக்கும் தெரிந்ததே. மேலும், ஜன்னல்களின் இடைவெளியை விமானத்தைக் கட்டுபவர்கள் முடிவு செய்கிறார்கள். இருக்கைகளின் இடைவெளியை விமான நிறுவனம் முடிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத வரிசைகளில் ஜன்னல் உங்கள் முழங்கைக்குப் பின்னாலோ முன் இருக்கையின் முதுகுக்கு நேராகவோ போய்விடும். ஏரோலோப்பா என்ற இணையதளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு விமானத்துக்கும் ஜன்னல்களின் இடத்தையும் சேர்த்து வரைந்த படங்கள் உள்ளன. உங்கள் விமானத்தின் வகையைத் தெரிந்துகொண்டு, இருக்கையை அதில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். புறப்படுவதற்கு முன் விமான வகை மாறியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்பதும் நல்லது.

போயிங் 787 பற்றி ஒரு சொல். அதன் ஜன்னல்கள் பெரியவை. உயரம் மட்டும் 47 சென்டிமீட்டர் அளவு. ஆனால் இழுத்து மூடும் திரைக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடியே கருநீலமாக இருளும் ஏற்பாடு உண்டு, அதைப் பணியாளர்கள் ஒரே இடத்திலிருந்து எல்லா ஜன்னல்களுக்கும் பூட்டிவிட முடியும். பகலில் மற்றவர்கள் உறங்குவதற்காக அப்படிச் செய்வது வழக்கமாகிவிட்டது. கிரீன்லாந்து போன்ற இடம் வரும்போது பணியாளரிடம் சென்று, ‘கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இருட்டாக்கிக்கொள்கிறேன்’ என்று பணிவாகக் கேளுங்கள். பூட்டைத் தளர்த்தித் தருபவர்கள் உண்டு. இயலாதபோது கதவருகே உள்ள சிறு ஜன்னலைக் காட்டுபவர்களும் உண்டு.

அம்மாவுக்கு 72 வயது. முதல் முறையாக வெளிநாடு போகிறார், ஜன்னலோரம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்கிறார். அடிக்கடி கழிவறைக்கு எழ வேண்டியிருக்கும், மூட்டுவலியும் உண்டு. நடைவழியோரமே நல்லது என்கிறார் அண்ணன். என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

அம்மாவின் ஆசையும் அண்ணனின் கவலையும் இரண்டும் சரி. நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. ஜன்னலோரம் இருப்பவர்கள் பக்கத்திலிருப்பவரை எழுப்பத் தயங்கி எழாமலேயே இருந்துவிடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. ஆனால் இதற்காக முழுப் பயணத்திலும் அவருக்கு ஜன்னலை மறுக்க வேண்டியதில்லை. இரவில் பறக்கும் பகுதிக்கு நடைவழியோரமும், பகலில் பறக்கும் பகுதிக்கு ஜன்னலோரமும் பதிவு செய்யுங்கள். பகல் பகுதியில் பக்கத்து இருக்கையில் நீங்களோ அண்ணனோ இருந்தால் எழுப்பத் தயக்கம் வராது.

விமானத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஏர்பஸ் ஏ330 ஓடும் வழித்தடத்தைப் பாருங்கள். அதில் எகானமி வகுப்பு பெரும்பாலும் இரண்டு, நான்கு, இரண்டு என்று அமைந்திருக்கும். ஜன்னலோரம் ஒருவர், பக்கத்தில் ஒருவர், உடனே நடைவழி. வயதானவர்களோடு செல்பவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பிச் சற்று நடக்க வையுங்கள். அவருக்கு முன்பே இரத்த உறைவு, இதயக் கோளாறு போன்றவை இருந்திருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து அவர் வெளியே பார்க்கும்போது எந்த ஊர், எந்த மலை என்று வரைபடத்தைப் பார்த்து நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள். கீழே போவது இன்னதென்று தெரிந்தால் பார்ப்பவருக்கு அலுப்பு வருவதில்லை.

ஜன்னல் வழியாகக் கைப்பேசியில் எடுக்கும் படங்கள் மங்கலாகவும் சில சமயம் வானவில் நிறத் திட்டுகளோடும் வருகின்றன. ஏன்?
– வாசகர், யாழ்ப்பாணம்

திட்டுகளுக்குக் காரணம், கூசும் ஒளியைக் குறைக்கக் கேமராவின் முன் நீங்கள் பொருத்தும் போலராய்டு வடிகட்டியாக இருக்கும். விமான ஜன்னல் கண்ணாடியன்று, அக்ரிலிக் பிளாஸ்டிக். இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கை அத்தகைய வடிகட்டி வழியாகப் பார்த்தால் நிறங்கள் தோன்றும். போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்தவர்களுக்கும் அப்படித்தான். அதைக் கழற்றிவிடுங்கள். மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் உட்பக்கத் தகட்டில் முன் பயணிகளின் நெற்றிப் பிசுக்கு. மென்மையான துணியால் துடைத்தாலே பாதி சரியாகிவிடும். ஜன்னலின் அடியில் காணும் சிறு துளையைச் சுற்றிப் பனிப்படிகங்கள் உருவாவது குறையன்று. அடுக்குத் தகடுகளுக்கு இடையில் அழுத்தத்தைச் சமன்செய்ய வைத்த துளை அது. கேமராவைத் தகட்டுக்கு மிக அருகே பிடியுங்கள், ஆனால் அழுத்தி ஒட்ட வைக்காதீர்கள். விமானத்தின் அதிர்வு படத்தில் ஏறிவிடும். கருநிறச் சட்டை அணிந்திருந்தால் பிரதிபலிப்பு குறையும். இராணுவமும் பயன்படுத்தும் விமானநிலையங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் படம் எடுக்கக் கூடாது என்றோ திரையை மூடச் சொல்லியோ அறிவித்தால் அதற்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ளுங்கள்.